முடி எடுக்கப்போகிற மருமகனுக்கு

வெல்லாவெளி



‘பதினெட்டாம் போர்’ கூத்தில் உனக்குத் துரியோதனன் சட்டம் கிடைத்திருக்கிறது என்று உன் அம்மா சொன்னாள். சந்தோசம். கொப்பியைப் பாடமாக்கிவிடுவாய், தாளமும் உனக்குப் பிசகாது. மிச்சத்தை அண்ணாவியார் பார்த்துக்கொள்வார். நான் எழுதுவது முடியைப் பற்றி. மட்டக்களப்பு ரவுனில் வாடகைக்குக் கொடுக்கிற ஜிகினாக் கிரீடம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாயாமே. காசு கொடுக்கவில்லையென்றால் கொஞ்சம் பொறு, மனே.

அந்தக் கிரீடத்தை ஒருதரம் திருப்பிப் பின்பக்கத்தைப் பார். வெறும் மட்டையும் பசைக் கறையும்தான் இருக்கும். முன்னுக்கு இருக்கிற சனத்துக்கு மட்டும் காட்டச் செய்த சாமான் அது. நீ ஆடப்போவது வட்டக்களரி. சுற்றிவரச் சனம். எந்த நேரமும் யாரோ ஒருவருக்கு உன் முதுகுதான் தெரியும். கல்லடியில் மேடைக்குப் பழகிய உனக்கு இது மறந்துபோயிருக்கும். 1962இல் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ போட்டபோது, விடியவிடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குள் கொண்டுபோனார். அதனால் நம் கூத்துக்கு வெளியில் மதிப்பு வந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன். மேடைக்குச் செய்ததைக் களரிக்கும் தூக்கிக்கொண்டு வருவதுதான் எனக்குப் பிடிப்பதில்லை.

இன்னொன்று, பழைய முடிகளில் கண்ணாடித் துண்டு பதித்தது பந்த வெளிச்சத்துக்காக. சுடர் ஆட ஆட அதுவும் விட்டுவிட்டு மின்னும். இப்போதைய எல்.ஈ.டி. வெளிச்சத்தில் ஜிகினா முழுக்க ஒரேயடியாகப் பளீரென்று அடித்தால் உன் முகத்தை யார் பார்ப்பார்கள்?

நீ ஆடுவது வடமோடிக் கூத்து. வடமோடி அரசனுக்குக் கரப்புடுப்பு. இடுப்புக்குக் கீழே அவ்வளவு அகலம் விரிந்து நிற்கும்போது சின்ன முடி எடுபடாது. தென்மோடிக்காரர் பாரமில்லாத பூமுடியோடு ஆடுவார்கள், அவர்கள் ஆட்டம் அப்படி. உனக்கு உயரமும் வேண்டும், கொஞ்சம் பாரமும் வேண்டும். ஆனால் பாரம் அடிவட்டத்தில் இருக்கவேண்டும். உச்சியில் ஏறினால், நீ கிறுகி ஆடும்போது முடி ஒரு பக்கம் உன்னை இழுக்கும். விடியப்புறம் கழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

அளவு பார்க்கிற விதத்தைக் கவனமாகக் கேள். வெறுந்தலையில் போட்டுப் பார்க்காதே. பருத்தித் துணியைத் தலையில் இறுக்கிச் சுற்றி, அதன் மேல் வை. அடிவட்டம் புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலே உட்காரவேண்டும். காதில் முட்டினால் ஒரு மணித்தியாலம்கூடத் தாங்கமாட்டாய். நாடிக் கயிற்றை வாயை மூடிக்கொண்டு கட்டுகிறவர்கள்தான் அதிகம். கூத்தில் நீயே பாடவேண்டும். வாயை மூடிக்கொண்டு கட்டின கயிறு, மேல்சுருதிக்குப் போகும்போது தாடையைப் பிடிக்கும். ஆகவே உன் பாட்டில் எது உச்சமோ அதைப் பாடிக்கொண்டே கட்டச் சொல். பிறகு குனி, நிமிர், ஒரு வீசாணம் போடு. நெற்றியில் வழுக்கவில்லையென்றால் அது உன் முடி. கிழமைக் கூத்துக்கே அதைப் போட்டுக்கொண்டு ஆடு. மற்றப் பொடியன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அரங்கேற்ற இரவில் முதன்முதலாக முடி வைக்கிறவனின் கண் சனத்தில் இருக்காது, மேலேதான் இருக்கும்.

கல்கரியில் இருக்கிற உன் மச்சான் குதிரைக் காட்சிக்குக் கௌபாய் தொப்பி போடுகிறான் அல்லவா? 1865இல் பிலடெல்பியாவில் ஸ்டெற்சன் என்றவர் செய்யத் தொடங்கிய வகையாம். கழற்றினால் விளிம்பு நெளியாமல் இருக்க மல்லாத்தி வைப்பானாம், உச்சியைக் கிள்ளித் தூக்கமாட்டானாம், வெயிலில் நிற்கிற காருக்குள் விட்டால் உள்ளே இருக்கிற தோல்பட்டி சுருங்கித் தொப்பி இறுகிவிடுமாம். அவனுக்குக் குதிரைப் பாய்ச்சலில் விழக்கூடாது, உனக்குத் துரியோதனன் பாய்ச்சலில் விழக்கூடாது. மல்லாத்துகிறது மட்டும் நமக்குச் சரிவராது, கொண்டை உடையும். ஒரு முட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் வை. தூக்கும்போது இரண்டு கையாலும் அடிவட்டத்தைப் பிடி.

களரி முடிந்ததும் முடியைக் கழற்றி ஒரு மூலையில் போட்டுவிட்டுத் தேத்தண்ணிக்கு ஓடாதே. உள்துணி வேர்வையில் ஊறியிருக்கும். அதைப் பெரிய தையலாக இழையோடி வைத்திருந்தால் உருவிக் கழுவலாம். முடியை நிழலில், காற்றுப்படக் காயவை. வெயிலில் வைத்தால் மட்டை வளையும், மரம் வெடிக்கும், கண்ணாடி ஒவ்வொன்றாகக் கழன்று விழும். அரங்கேற்றத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு ஆடப் போகும்போது மோட்டார் சைக்கிள் கைபிடியில் தொங்கவிடுவதைக் கண்டிருக்கிறேன். பின்னால் இருக்கிறவன் மடியில் வைத்துக்கொண்டு வரட்டும்.

ஒட்டுவதற்குக் கோதுமை மாப்பசை காய்ச்சினால் துளி மயில்துத்தம் கலந்துகொள், இல்லாவிட்டால் கரப்பொத்தான் ஒரே மாரியில் தின்றுவிடும். அது நஞ்சு, சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டவிடாதே. பைண்டர் கம் என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஐப்பசியில் தொடங்கி மழை விடுமட்டும் பொலித்தீன் பையில் கட்டி வைக்காதே, பூஞ்சணம் பிடிக்கும். பழைய சீலையில் சுற்றி, வேப்பிலைச் சருகு போட்டு, பரணில் வை. நிலத்தில் வைத்தால் கறையான். மண்டூர் றோட்டில் வெள்ளம் ஏறுகிற வருசமென்றால் அதுவும் சேரும். அடுப்புக்கு நேரே மேலேயும் வேண்டாம். புகை பூச்சியை விரட்டும்தான், ஆனால் கண்ணாடி கரிபிடித்துப்போகும்.

கோயில் களஞ்சியத்தில் நம் பழைய மர முடி ஒன்று கிடக்கிறது. அண்ணாவியாரிடம் கேட்டுவிட்டேன், தருகிறாராம். பின்பக்கத்தில் மூன்று கண்ணாடி இல்லை, நாடிக் கயிறும் புதிதாகப் போடவேண்டும். வெள்ளிக்கிழமை வரும்போது ரவுனில் கண்ணாடி வெட்டுகிற கடையில் கழிவுத் துண்டுகள் கேட்டு வாங்கி வா, சும்மாவே தருவார்கள். அகலமான பருத்தி நாடா இரண்டு முழமும் வாங்கு. நைலோன் வேண்டாம், வேர்வையில் வழுக்கும்.

இப்படிக்கு,
உன் மாமா