கட்டடக் கலையும் கணினி நிரலும்

மாடி வீடுகள் பலவற்றில் தெருவை நோக்கி நீட்டிக் கட்டிய பால்கனியில் மாந்தர் அமர்வது அரிது. உலர்த்திய துணிகளும் கால் ஒடிந்த நாற்காலிகளுமே அங்குக் குடியிருக்கும். இதற்குக் காரணம் யாது? பால்கனியின் அகலம் ஆறடிக்குக் குறைந்தால், மூவர் நால்வர் ஒரு சிறு மேசையைச் சூழ்ந்து அமர்ந்து உரையாட இயலாது. ஆதலின் மக்கள் அதனை நாடுவதில்லை என்று விடை கண்டார் ஒரு கட்டடக் கலைஞர். அவர் பெயர் கிறிஸ்டபர் அலெக்சாண்டர்.

வியன்னா நகரில் 1936ஆம் ஆண்டு பிறந்த அவர், இங்கிலாந்தில் கல்வி பயின்று, அமெரிக்காவில் பெர்க்கிலி நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் விளங்கினார். 1977ஆம் ஆண்டில் தம் துணைவர்களோடு அவர் வெளியிட்ட நூல், வீடும் தெருவும் நகரும் அமைப்பதற்குரிய 253 பாங்குகளைத் தொகுத்துரைக்கின்றது. மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் ஓர் இடர்ப்பாடு, அதன் காரணம், அதனைத் தீர்க்கும் வழி ஆகிய மூன்றும் சேர்ந்ததே பாங்கு. அறைக்கு இருபுறமும் வெளிச்சம் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஒருபுறம் மட்டும் ஒளி வரின் கண் கூசும். எதிரே இருப்பவர் முகக்குறிப்பும் நன்கு விளங்காது. காரணம் அறிந்தவன், சன்னலைத் தன் மனைக்கு ஏற்றவாறு அமைத்துக்கொள்வான். வெண்பாவின் இலக்கணம் ஒன்றே. வெண்பாக்களோ எண்ணிறந்தன அல்லவா?

இக்கருத்தைக் கட்டடக் கலைஞரினும் மிகுதியாகப் போற்றியவர் கணினி நிரல் எழுதுவோரே. கென்ட் பெக், வார்டு கன்னிங்காம் என்னும் இருவர் 1987ஆம் ஆண்டில், திரையின் சாளரங்களை அமைப்பதற்கு ஐந்தே பாங்குகளை வகுத்து, அக்கணினியைப் பயன்படுத்த இருந்தவர்களிடமே கொடுத்துத் திரையை வரையச் செய்தனர். 1994ஆம் ஆண்டில் எரிக் காமா முதலிய நால்வர் எழுதிய நூல் வெளிவந்தது. அதில் நிரலுக்குரிய 23 பாங்குகள் பெயரிட்டு விளக்கப்பட்டன.

இணையத்தில் இயங்கும் செயலிகளுக்குப் பெரிதும் உதவிய பாங்கு அவற்றினும் பழமையானது. நார்வே நாட்டுத் திரிக்வே ரீன்ஸ்காக் என்பார், 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது அதனை வகுத்தார். செய்திகளையும் அவற்றுக்குரிய விதிகளையும் காப்பது ஒரு பகுதி. அவற்றைத் திரையில் காட்டுவது மற்றொரு பகுதி. பயன்படுத்துவோர் இடும் கட்டளையை ஏற்று நடத்துவது மூன்றாம் பகுதி. இம்மூன்றும் தனித்தனியே நிற்றல் வேண்டும் என்பதே அதன் சாரம்.

இரயில் பயணச்சீட்டு வழங்கும் செயலி ஒன்றைக் கருதுக. கட்டணக் கணக்கும், காலியிடக் கணக்கும், பக்கத்தின் நிறமும் எழுத்தும் ஒரே குவியலாய்க் கலந்து கிடப்பின், கட்டணம் மாறும் நாளில் பல இடங்களைத் திருத்த நேரும். ஓரிடம் விடுபட்டாலும் கணினியில் ஒரு கட்டணமும் கைப்பேசியில் வேறொரு கட்டணமும் தோன்றும். விதி ஓரிடத்தில் மட்டும் இருப்பின் இத்தொல்லை எழாது.

ஆயினும் அப்பாங்கு பிறந்த காலத்தில் உலகளாவிய வலை பிறக்கவில்லை. டிம் பெர்னர்ஸ்-லீ அதற்கு வித்திட்டது 1989இல்தான். ஒரே கணினிக்குள் செய்தி மாறியவுடன் திரைக்கு அறிவித்துவிடலாம். வலையிலோ, அனுப்பிய பக்கம் எங்கோ ஒருவர் கையில் இருக்கின்றது. தனி ஏற்பாடு செய்தாலன்றி, மீண்டும் கேட்கும்வரை அது மாறுவதில்லை. எஞ்சியுள்ள ஓர் இருக்கை மதுரையில் ஒருவர் கண்ணுக்கும் சென்னையில் மற்றொருவர் கண்ணுக்கும் ஒருசேரத் தெரியலாம். இருவரும் ஒரே நொடியில் பணம் செலுத்த முற்படலாம். எனவே, பக்கம் காட்டியதை நம்பாமல், சீட்டு வழங்கும் கணத்தில் காலியிடத்தை மீண்டும் சரிபார்ப்பது முதற்பகுதியின் கடமையாயிற்று. கடன் வாங்கிய பாங்கை இவ்வாறு புதிய இடத்துக்கு இயைய மாற்றியே கையாண்டனர்.

காரணம் அறியாமல் கையாள்வோரும் உளர். ஒரு பொருள் நிரலில் ஒன்றே ஒன்றாக இருக்குமாறு காப்பது 23 பாங்குகளுள் ஒன்று. தனியொருவர் பயன்படுத்தும் கணினியில் அதனால் தீங்கு நேராதிருக்கலாம். ஆயிரவர் ஒருங்கே அணுகும் செயலியில், ‘இப்போது வந்திருப்பவர் யார்’ என்னும் குறிப்பை அத்தகைய ஒற்றைப் பொருளில் வைத்தால், ஒருவருடைய கணக்கு மற்றொருவருக்குத் திறந்துகொள்ளும்! நூலில் உள்ளதைத்தானே எழுதினேன் என்று நிரலர் முறையிடுவதால், பணம் இழந்தவர்க்கு யாது பயன்?

பாங்குகளைத் தொகுக்கும் முயற்சியிலிருந்தே வலைக்கு ஒரு புதுமையும் விளைந்தது. முன்னர்க் கூறிய கன்னிங்காம், நிரலர் பலரும் தாம் கண்ட பாங்குகளை எழுதிச் சேர்க்க வேண்டும் என விரும்பினார். அதற்கென, படிப்பவர் எவரும் திருத்தக்கூடிய பக்கங்களை 1995ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமைத்து, விரைவு என்னும் பொருளுடைய ஹவாய்த் தீவுச் சொல்லால் அதற்கு ‘விக்கி’ எனப் பெயரிட்டார். 2001இல் தொடங்கிய விக்கிப்பீடியாவும், 2003இல் எழுந்த தமிழ் விக்கிப்பீடியாவும் அம்முறையைப் பின்பற்றி அமைந்தவையே.