எருது விடும் விழா: கன்றை வளர்ப்பதா, காளையை வாங்குவதா?

வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் பொங்கலையொட்டி எருது விடும் விழாக்கள் தொடங்குகின்றன. குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடக்கும் காளைக்கே பரிசு. 2014-இல் தடைப்பட்ட விழாவுக்கு 2017-இல் தமிழகச் சட்டத் திருத்தம் வழி செய்தது. 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

பொய்கைச் சந்தையில் காளை வாங்குவோர் முதலில் பல்லைப் பார்க்க வேண்டும். இரண்டு பல் என்றால் ஏறத்தாழ இரண்டு வயது. நான்கு பல் மூன்று. எட்டுப் பல்லும் சேர்ந்துவிட்டால் ஐந்தை ஒட்டிய வயது. வாங்கியதும் ஓடிவிடும் என்று எண்ண வேண்டாம். புதிய ஆளும் புதிய கொட்டிலும் பழக நாளாகும். முன்பு ஓடியதா என்பதற்குத் தரகர் சொல்லே சாட்சியாகிவிடக் கூடாது. காளையின் ஊரில் விசாரிக்க வேண்டும். பரிசை நம்பிக் கடன் வாங்கினால், வட்டிக்குக் கறவைப் பசுவையே விற்க நேரிடும்.

சிறு விவசாயிக்குச் சொந்தப் பசுவின் காளைக்கன்றே ஏற்றது. பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்ட வேண்டும். 20 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 2 லிட்டர் தேவை. நான்காம் மாதம் கோமாரித் தடுப்பூசி. ஆனால் மூன்று ஆண்டுத் தீவனச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்; பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இவ்வட்டாரத்துக்கே உரிய சங்கடம் தண்ணீர். தோல் பதனிடும் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் பல உப்பேறின. 1996-இல் உச்ச நீதிமன்றம் இது குறித்துத் தீர்ப்பளித்தது. லிட்டருக்கு 3,000 மில்லிகிராமுக்கு மேல் உப்பிருந்தால், பழகாத கன்றுக்குக் கழிச்சல் வரலாம். 7,000-ஐத் தாண்டிய நீர் கன்றுக்கு ஆகாது. மண் பரிசோதனை நிலையத்தில் கிணற்று நீரையும் சோதிக்கலாம். அறிக்கையில் மின்கடத்தும் திறன் டெசிசீமன்ஸ் அளவில் இருந்தால், அதை 640-ஆல் பெருக்க, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும்.