ஜெட் விமானங்களில் ஸ்பாய்லர்களின் பணி

விமானத்தை வானில் தாங்கி நிற்பது அதன் இறக்கைகளில் தோன்றும் தூக்குவிசையே ஆகும். அவ்விசையை வேண்டுமென்றே குறைக்கும் தகடுகளும் அதே இறக்கைகளின் மேற்பரப்பில் பொருத்தப்பட்டுள்ளன. ஸ்பாய்லர் என வழங்கும் இத்தகடுகள் மடங்கிய நிலையில் இறக்கையோடு ஒன்றியிருக்கும். உயர்த்தப்பட்டதும் சீரான காற்றோட்டத்தைக் குலைத்துத் தூக்குவிசையைக் குறைக்கும், பின்னிழுவிசையைப் பெருக்கும்.

தேவை எழுந்த காரணம்

விமானத்தை ஒருபுறம் சாய்த்துத் திருப்புவதற்கு, இறக்கையின் பின்விளிம்பில் அசையும் எய்லரான்கள் பயன்படுகின்றன. ஜெட் விமானங்களின் மெல்லிய, பின்சாய்ந்த இறக்கைகளில் இம்முறை இடர்ப்பாட்டை விளைவித்தது. 1947ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த அமெரிக்க பி-47 குண்டுவீச்சு விமானத்தில் இது தெளிவாயிற்று. மிகு வேகத்தில், நுனியருகே உள்ள எய்லரான் கீழிறங்கினால், காற்றின் அழுத்தம் இறக்கையையே முறுக்கிற்று. இதனால் எய்லரானின் பயன் குறைந்தது. வேகம் மேலும் கூடினால், உயர வேண்டிய இறக்கை தாழவும் கூடும்.

போயிங் 707 கண்ட தீர்வு

1958இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 707, 1960இல் ஏர் இந்தியாவில் இடம்பெற்றது. இதன் ஒவ்வோர் இறக்கையிலும் இரண்டு எய்லரான்கள் இருந்தன. வெளிப்புற எய்லரான், மடிப்புத் தகடுகள் இறக்கப்பட்டிருக்கும் குறைந்த வேகத்தில் மட்டுமே இயங்கும். மிகு வேகத்தில் அது பூட்டப்பட்டு, உட்புற எய்லரானும் ஸ்பாய்லர்களும் அப்பணியை ஏற்கும். வலப்புறம் திரும்ப வேண்டுமாயின் வல இறக்கையின் ஸ்பாய்லர்கள் மட்டும் உயரும். அவ்விறக்கை தாழும், அங்கு மிகும் பின்னிழுவிசை மூக்கையும் அதே திசையில் திருப்பத் துணைபுரியும்.

ஏனைய பணிகள்

இரு புறமும் ஒருசேர உயர்த்தினால் ஸ்பாய்லர்கள் வேகத்தடையாகின்றன. காற்றைக் கிழித்துச் செல்லும் ஜெட் விமானம், வேகம் மிகாமல் விரைந்து கீழிறங்க இது உதவுகிறது. தரையிறங்கிய பின் முழுமையாக உயர்த்தினால் தூக்குவிசை பெரிதும் குறைந்து, விமானத்தின் எடை சக்கரங்களின்மேல் விழும். அப்போதுதான் சக்கரத் தடைகள் நன்கு பற்றும்.

தருணத்தின் இன்றியமையாமை

தக்க வேளையில் உதவும் இவ்வமைப்பு, தகாத வேளையில் பேரழிவை உண்டாக்கும். 1970 ஜூலை 5இல் டொரோன்டோவில் தரையிறங்கவிருந்த ஏர் கனடாவின் டிசி-8 விமானத்தில், ஓடுபாதைக்குச் சுமார் 60 அடி உயரத்திலேயே ஸ்பாய்லர்கள் விரிக்கப்பட்டன. விமானம் ஓடுபாதையில் மோதியது. மீண்டும் மேலெழுந்த போதிலும் சிறிது நேரத்தில் நொறுங்கி, அதிலிருந்த 109 பேரும் மாண்டனர். அவ்விமானத்தில் இத்தகடுகளைத் தரையில் தானே இயங்குமாறு ஆயத்தப்படுத்துவதும், உடனே விரிப்பதும் ஒரே நெம்புகோலின் இருவேறு அசைவுகளாக இருந்தன.

இதற்கு நேர்மாறாக, 1999 ஜூன் 1இல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் புயல்மழைக்கிடையே இறங்கிய எம்டி-82 விமானத்தில் ஸ்பாய்லர்கள் ஆயத்தப்படுத்தப்படவில்லை. அவை விரியாமையால் தடைகள் போதிய பிடிப்பைப் பெறவில்லை. விமானம் ஓடுபாதையைத் தாண்டிச் சென்று நொறுங்கியதில் 11 பேர் உயிரிழந்தனர்.

முன்னதில் தகடுகள் முந்தி விரிந்தன. பின்னதில் விரியவே இல்லை. எனவே, பொறியின் வலிமையைப் போலவே அதை இயக்கும் நெம்புகோலின் அமைப்பும், விமானிகள் ஒருவர் செயலை மற்றவர் சரிபார்க்கும் ஒழுங்குமுறையும் பாதுகாப்பின் பிரிக்கவியலாத கூறுகள் எனக் கொள்ளல் வேண்டும்.