வகுப்பெடுக்கத்தான் படித்தாய்

சங்கரன்கோவில்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ எம்.டி. முடித்த செய்தியை உன் அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். அவன் சொல்லாததைப் பெரியம்மா உன்னிடமே போனில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். சென்னையில் பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்று கூப்பிடுகிறதாம். அரசு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலையும் வந்திருக்கிறதாம். "வகுப்பெடுக்கவா பெரியம்மா எமர்ஜென்சி படித்தேன்?" என்று அவளிடம் கேட்டிருக்கிறாய்.

ஆமாம் அம்மா, வகுப்பெடுக்கத்தான் படித்தாய்.

நான் அரசு ஆஸ்பத்திரி சர்வீஸில் சேர்ந்தபோது கேஷுவாலிட்டி என்பது ஒரு டூட்டி, அவ்வளவுதான். இன்றைக்குக் கண் டாக்டர், நாளைக்குத் தோல் டாக்டர் என்று யார் முறையோ அவர் உட்காருவார். அவசர மருத்துவத்தைத் தனித்துறையாக இந்திய மருத்துவக் கவுன்சில் ஏற்றுக்கொண்டதே 2009-இல்தான். அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகம் 1970-லேயே இதற்கான பயிற்சியைத் தொடங்கிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் சர்ஜன்களும் மயக்க மருந்து டாக்டர்களும். சொந்த வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுத்தார்கள், அவர்களுக்கு நன்றி. இதையே படித்து, இதையே சொல்லிக்கொடுக்கப்போகிற முதல் தலைமுறை நீங்கள்தான். 2020-இல் வந்த விதி ஒவ்வொரு மருத்துவக் கல்லூரிக்கும் அவசர மருத்துவத் துறை கட்டாயம் என்றது. 2023-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம். சட்டம் கைவிட்ட இடத்தில் ஆசிரியர்களும் விலகினால் துறை எப்படி நிற்கும்?

ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற அமெரிக்க எலும்பு முறிவு டாக்டரைப் பற்றிப் படித்திருப்பாய். 1976 பிப்ரவரியில் அவர் ஓட்டிவந்த சிறு விமானம் நெப்ராஸ்காவில் ஒரு வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்துபோனார். பிள்ளைகளுக்குப் பலத்த காயம். வழியில் போன காரை நிறுத்தி, பக்கத்துச் சிற்றூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், அங்கே இருந்தவர்களுக்கு எதை முதலில் பார்ப்பது என்றே தெரியவில்லை. தெரியாததற்கு அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. பிறகு ஸ்டைனர் வழக்குப் போட்டுக்கொண்டிருக்கவில்லை, நண்பர்களுடன் சேர்ந்து பாடத்திட்டம் எழுதினார். 1978-இல் அதே மாநிலத்துச் சிற்றூர் டாக்டர்களுக்கு முதல் வகுப்பு நடந்தது. விபத்துக் காயச் சிகிச்சைக்கு நீ சான்றிதழ் வாங்கிய ஏ.டி.எல்.எஸ். பயிற்சி அதுதான். இன்றைக்கு 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. அது நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்காகப் பிறந்ததல்ல, நம்மூர் போன்ற இடத்துக்காகப் பிறந்தது.

நம்மூரையே எடுத்துக்கொள். இங்கிருந்து திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கடலை பறிக்கப் போனவர், ராத்திரி எலுமிச்சைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் என்று பாம்புக்கடியோடு வருகிறவர் முதலில் பார்ப்பது எம்.பி.பி.எஸ். முடித்த ஒரு சின்னப் பையனையோ பெண்ணையோதான். அந்தப் பிள்ளைக்கு ஹவுஸ் சர்ஜன் காலத்தில் யாராவது பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்திருந்தால் ஆள் பிழைப்பார். இல்லாவிட்டால் "ரெஃபர்" என்று சீட்டு எழுதி 108 ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவார்கள். விஷமுறிவு மருந்து ஏறாமலே, வழியில் மானூர் தாண்டுவதற்குள் மூச்சு நின்றுபோகும்.

அதனால் சொல்லிக்கொடுக்கும்போது இப்படிச் சொல்லிக்கொடு. ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் சோதனையைப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்பார்கள். ஆனால் பிளாஸ்டிக் குழாயில் ஊற்றுவார்கள். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் ஊற்றுவார்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எடுத்து ஆட்டிப் பார்ப்பார்கள். சுத்தமான, காய்ந்த, புதுக் கண்ணாடிக் குழாயை நீயே மாணவன் கையில் கொடு. 2 மில்லி ரத்தம் எடுக்கச் சொல். 20 நிமிஷம் யாரும் தொடக்கூடாது. பிறகு அவனையே ஒரே ஒரு தரம் சாய்க்கச் சொல். உறையாமல் வழிந்தால் ரத்தத்தைக் கெடுக்கும் விஷம் ஏறியிருக்கிறது என்பதைத் தன் கண்ணால் பார்த்த பிள்ளை பணி ஓய்வு பெறும்வரை மறக்காது.

குழந்தை என்றால் எடையைப் பார்த்து விஷமுறிவு மருந்தைக் குறைப்பார்கள். குழந்தையைக் கடித்த பாம்பும் அதே அளவு விஷத்தைத்தான் இறக்கியிருக்கும், பெரியவருக்குக் கொடுக்கிற குப்பிகளையே கொடுக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல். மருந்து ஏறும்போது ஒவ்வாமை வரலாம். அட்ரினலின் ஊசி மருந்து பக்கத்திலேயே தயாராக இருக்கட்டும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமும் இருக்காது, வலியும் இருக்காது. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று வருவார். "ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவது சுலபம். அவர் இமை தொங்குகிறதா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்க்க மாணவர்களைப் பழக்கு.

இன்னொன்று. நம்மூர்க் கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணைப் பூசிக்கொண்டு வருகிறவரை உன் மாணவர்கள் ஏசுவார்கள். ஏசவிடாதே. மண்ணும் இருக்கட்டும், மருந்தும் ஏறட்டும். இன்றைக்கு ஏச்சு வாங்கிப் போனவர் வீட்டில் அடுத்த கடி விழுந்தால் ஆஸ்பத்திரிக்கு வரத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் போகிற உயிருக்கு நாம்தான் பொறுப்பு. நோயாளியிடம் பேசும் முறையும் பாடம்தான் என்பதை நீ பேசுவதைப் பார்த்துத்தான் அவர்கள் கற்றுக்கொள்வார்கள். சாவுச் செய்தியை உறவினரிடம் சொல்லும்போது ஒரு மாணவனையாவது உடன் அழைத்துப் போ. தனியாக அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டிய நாள் அவனுக்கும் வரும்.

மாணவர்களை நோயாளி முன்னால் அவமானப்படுத்தாதே. நம் மருத்துவக் கல்லூரிகளில் இது ஒரு பரம்பரை வழக்கமாகவே ஆகிவிட்டது. பயந்த மாணவன் சந்தேகம் கேட்கமாட்டான். கேட்காத சந்தேகம் நடுராத்திரியில் ஓர் உயிரைக் கொண்டுபோகும். கேஸ் முடிந்ததும் எல்லோரையும், ஸ்டாஃப் நர்ஸையும் சேர்த்து, ஓரமாக நிற்கவைத்துப் பத்து நிமிஷம் பேசு. நர்ஸ்களை விட்டுவிட்டு வகுப்பெடுக்காதே. டாக்டர்கள் மாறுதல் வாங்கிப் போய்விடுவார்கள், வார்டை அறிந்தவர்கள் நர்ஸ்கள்தான். 108-இல் வருகிற டெக்னீஷியன் தம்பியிடமும் அவன் கொண்டுவந்த நோயாளி பிறகு என்ன ஆனார் என்று சொல். யாரும் அவனிடம் சொல்வதில்லை.

சம்பளம் குறைவுதான். படிப்புக்கு வாங்கிய கடன் இருப்பதும் எனக்குத் தெரியும். அதை அப்பாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம், நீ அதை வைத்து முடிவெடுக்காதே. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைக் குறை சொல்லவும் இல்லை, அங்கேயும் உயிர் காப்பாற்றுகிறார்கள். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார ஆள் கிடைப்பார்கள். உன் கல்லூரியிலிருந்து ஒவ்வொரு வருஷமும் வெளியேறி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பிரிந்து போகிற பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத்தான் ஆள் பற்றாக்குறை. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிற திட்டத்தை அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. பணம் தடையாக இருக்கக்கூடாது என்று அரசு வழி செய்துவிட்டது. அந்த 48 மணி நேரத்தில் என்ன செய்வது என்று தெரிந்த கைகள் வேண்டாமா?

கல்லூரி வேலையில் சேர். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது ஒரு நாள் கூடுதலாக லீவு போட்டுக்கொண்டு வா. இங்கே ஜி.எச்.-இல் இருக்கும் இளம் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் பாம்புக்கடி பற்றி ஒரு மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும். கேட்டுச் சம்மதம் வாங்கிவைக்கிறேன். கண்ணாடிக் குழாய்களை நீயே கொண்டு வா.

இப்படிக்கு,
உன் பெரியப்பா