சிறு விவசாயிக்கு ஏற்ற சங்கிலி ரம்பம் எது?

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்த கஜா புயல், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டு, சிவகங்கை மாவட்டம் வழியாக மேற்கே சென்றது. மரம் விழுந்த ஊர்களில் அரிவாளும் கோடரியும் போதவில்லை. பாதையை மறித்துக் கிடந்த மரத்தைத் துண்டு போட, சங்கிலி ரம்பம் வைத்திருப்பவரைத் தேடி அலைய வேண்டியிருந்தது. ‘நம்மிடமே ஒன்று இருந்தால் நல்லது’ என்ற எண்ணம் பலருக்கும் அப்போது எழுந்திருக்கும்.

ஊர்வழக்கில் ‘மரம் அறுக்கும் மெஷின்’ எனப்படும் இக்கருவி இன்று எளிதில் கிடைக்கிறது. ஆனால் வாங்கும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றே. ‘பெரியதாக இருந்தால் எல்லாவற்றுக்கும் ஆகும்’ என்று 58 சி.சி. எஞ்சினும் 22 அங்குல நீளப் பாரும் கொண்ட மெஷினை வாங்கிவிடுகின்றனர். இரண்டு முறை பயன்படுத்திவிட்டு மூலையில் வைக்கின்றனர். அடுத்த ஆண்டு எடுத்துக் கயிற்றை இழுத்தால் கிளம்புவதில்லை. ஆண்டில் நான்கைந்து நாள் மட்டும் ஓடும் மெஷின் வேலையால் கெடுவதைவிடச் சும்மா கிடந்து கெடுவதே அதிகம். ஆகவே எவ்வளவு பெரிய மரத்தை அறுக்கும் என்று கேட்பதோடு, எத்தனை மாதம் சும்மா கிடந்தாலும் கெடாது என்பதையும் கேட்டு வாங்க வேண்டும்.

வேலையை முதலில் அளந்து பாருங்கள்

செட்டிநாட்டில் வலையபட்டி போன்ற ஊர்களில் சிறு விவசாயிக்கு வரும் மரவேலை என்ன? வேலியோரத்து வேம்பு, பூவரசு ஆகியவற்றின் கிளை கழித்தல், காற்றில் முறிந்த புளியங்கிளையை அப்புறப்படுத்துதல், பட்டுப்போன தென்னையைத் துண்டு போடுதல், சீமைக் கருவேலை விறகாக்குதல். இவ்வளவே பெரும்பாலும் இருக்கும்.

நீங்கள் அறுக்கப்போகும் மரங்களை ஒரு கயிற்றால் சுற்றி அளந்து பாருங்கள். சுற்றளவை மூன்றால் வகுத்தால் தடிமன் ஏறத்தாழக் கிடைக்கும். சுற்றளவு 90 செ.மீ. என்றால் தடிமன் 30 செ.மீ. அளவு இருக்கும். தோப்பில் உள்ளதைக் குறித்துப் பார்த்தால், பத்தில் எட்டு வேலை இந்தத் தடிமனுக்குள்ளேயே அடங்கிவிடுவதைக் காண்பீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடிய பெரிய அடிமரத்திற்காக ஆண்டு முழுதும் பெரிய மெஷினைச் சுமக்க வேண்டியதில்லை.

சீமைக் கருவேலைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். புஞ்சையை இம்மரத்திலிருந்து மீட்கவே ரம்பம் வாங்குவதாகச் சிலர் கூறுகின்றனர். அது பயன் தராது. தரைமட்டத்தில் அறுத்தால் அடிக்கட்டையிலிருந்து பல தளிர்கள் கிளம்பும். ஒரு தண்டு நின்ற இடத்தில் ஆறு தண்டுகள் நிற்கும். நிலத்தை மீட்பதற்கு வேரோடு பிடுங்குவதே வழி. அதற்கு மண் அள்ளும் இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்துவது நலம். விறகுக்கும் கரிக்கும் மீண்டும் மீண்டும் வெட்டிக்கொள்ள நினைப்பவருக்கு மட்டுமே சங்கிலி ரம்பம் உதவும். அப்போதும் தரையிலிருந்து ஒரு சாண் விட்டே அறுக்க வேண்டும். நம் பக்கத்துச் சரளை மண்ணில் செயின் ஒரு நொடி உரசினாலும் பல்லின் கூர் போய்விடும்.

பாரும் எஞ்சினும்

செயின் ஓடும் தட்டையான இரும்புப் பகட்டிற்குப் பார் என்று பெயர். மரத்தின் தடிமனைவிட ஐந்து செ.மீ. அளவு நீளமான பார் போதும். 14 அங்குலப் பார் 35 செ.மீ.; 16 அங்குலப் பார் 40 செ.மீ. முற்றிய தென்னை அடிமரத்தையும் இருபுறமாக அறுத்தால் 16 அங்குலப் பாரே துண்டாக்கிவிடும். இந்த நீளத்திற்கு 30 முதல் 40 சி.சி. வரையுள்ள எஞ்சின் பொருந்தும். பாரும் செயினும் சேராத இதன் எடை நான்கு கிலோ அளவு இருக்கும். சிறிய எஞ்சினில் நீளப் பாரை மாட்டித் தருவதாகக் கடைக்காரர் சொன்னால் ஏற்க வேண்டாம். செயினை இழுக்கவே எஞ்சின் திணறும். எண்ணெயும் பாரின் நுனிவரை சரியாகப் போய்ச் சேராது.

பனை, தென்னை அறுப்பவருக்கு ஒரு குறிப்பு. இவற்றின் தண்டில் ஓரம் கடினம், நடு மென்மை. நார் சுருள் சுருளாக வந்து ஸ்பிராக்கெட் மூடிக்குள் அடைத்துக்கொள்ளும். சிறிது நேரத்திற்கு ஒரு முறை எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து நாரை அகற்ற வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்திருப்பதையும் நினைவில் கொள்க.

பெட்ரோலா, மின்சாரமா, பேட்டரியா?

வீட்டிலிருந்து தொலைவில் தோப்பு இருந்தால் பெட்ரோல் மெஷினே கை கொடுக்கும். ஆனால் சும்மா கிடந்து கெடுவதும் அதுவே. இன்று பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். நாட்பட்ட பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகப் படியும். உள்ளே உள்ள டயாபிரம் விறைத்துப்போகும். மூன்றாம் முறை கிளம்பாததன் காரணம் இதுதான். ஒரு மாதத் தேவைக்கு மேல் எண்ணெய் கலந்து வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, தானே அணையும்வரை எஞ்சினை ஓடவிட்டு வைக்க வேண்டும். எத்தனை விழுக்காடு எத்தனால் வரை மெஷின் ஏற்கும் என்பதைக் கையேட்டில் பார்த்து வாங்குக.

இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். தரமான டூ ஸ்ட்ரோக் எண்ணெய் எனில் லிட்டருக்கு 20 மி.லி. கலக்கும்படி பல கையேடுகளிலும் இருக்கும். சாதாரண எண்ணெய்க்கு 40 மி.லி. கையேடு சொல்வதே முடிவு. கலக்காத பெட்ரோலை ஒரு முறை ஊற்றி ஓட்டினாலும் பிஸ்டன் இறுகிவிடும்.

வீட்டைச் சுற்றியே வேலை என்றால் மின்சார ரம்பம் விலை குறைவு. ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் பட்டனை அழுத்தினால் ஓடும். 2,000 வாட் மெஷினுக்கு 30 மீட்டர் வயர் இழுப்பதானால் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் தேவை. மெல்லிய வயரில் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடேறும். பம்புசெட்டுக்கு வழங்கப்பட்ட மின்சாரத்தை இதற்கு எடுத்தல் கூடாது.

36 அல்லது 40 வோல்ட் பேட்டரி ரம்பங்களை, எப்போதாவது கிளை கழிப்பவருக்கு நாம் முதலில் பரிந்துரைப்போம். பெட்ரோல் கெடும் கவலை இல்லை. பேட்டரியைப் பாதி ஏற்றிய நிலையில், தகரக் கொட்டகையின் வெப்பம் படாமல் வீட்டுக்குள் வைக்க வேண்டும். ஒரு கையால் பிடிக்கும் ஆறு அங்குலச் சிறு ரம்பமும் வந்துள்ளது. பத்து செ.மீ. கிளைக்கு அது போதும். ஆனால் மற்றொரு கையால் கிளையைப் பிடித்துக்கொள்ளத் தூண்டும். விரல் போவது அங்கேதான்.

வாங்குவதா, வாடகையா?

கணக்குக்காக மெஷின் 20,000 ரூபாய், தலைக்கவசம், பூட்ஸ், உபரிச் செயின் முதலியன 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 3,250 ரூபாய். எண்ணெய், பழுது ஆகியவற்றுக்கு 1,500 சேர்த்தால் 4,750 ரூபாய். மெஷினுடன் வரும் ஆளுக்கு நாள் கூலி 1,500 எனில், ஆண்டில் மூன்று நாளுக்கு மேல் வேலை இருப்பவருக்கே சொந்த மெஷின் கட்டுபடியாகும். உங்கள் ஊர் விலையைப் போட்டு இக்கணக்கைச் செய்து பாருங்கள். நான்கைந்து வீட்டார் சேர்ந்து வாங்குவதும் உண்டு. அப்படியானால் பெட்ரோல் கலப்பதும் செயின் தீட்டுவதும் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். பலர் கைபட்ட ரம்பம் நெடுநாள் நிற்காது.

கடையில் பார்க்க வேண்டியவை

முன்கைப்பிடிக்கு முன்னே உள்ள காப்புத் தடுப்பை முன்னோக்கித் தள்ளினால் செயின் உடனே நிற்க வேண்டும். இதற்குச் செயின் பிரேக் என்று பெயர். இது இல்லாத மெஷினை எவ்வளவு மலிவானாலும் தொட வேண்டாம். அறுந்த செயினைப் பிடிக்கும் கொக்கி, தவறி அழுத்தினால் வேகமெடுக்காதபடி உள்ள இரட்டை விசை, அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் அல்லது ரப்பர் ஆகியனவும் இருக்க வேண்டும். கடைசியாக, இதே மெஷினுக்குச் செயினும் கார்புரேட்டர் டயாபிரமும் காரைக்குடியிலோ மதுரையிலோ கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது எனில் அந்த மலிவு மலிவே அன்று.

செயினுக்குத் தனி எண்ணெய் தொட்டி உண்டு. டிராக்டரில் வடித்த கழிவு எண்ணெயை இதில் ஊற்றுவது நம் ஊர் வழக்கம். அதிலுள்ள இரும்புத் துகள் பம்பை அடைக்கும். கையில் படுவதும் நல்லதன்று. வெளிறிய மரக்கட்டையின் மேல் பாரின் நுனியைச் சற்று உயர்த்திப் பிடித்து ஓட்டினால் எண்ணெய்க் கோடு தெளிக்க வேண்டும். தெளிக்கவில்லை எனில் அறுக்கக் கூடாது.

பல் தீட்டுதல்

இன்றைய செயின் பல்லுக்கு ஒரு புழுவே ஆசான். 1946ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்பவர், மரம் துளைக்கும் வண்டின் புழு இடமும் வலமும் கடித்து மரத்தின் குறுக்கேயும் நீளவாக்கிலும் முன்னேறுவதைக் கவனித்தார். அதன் வாயைப் போலவே இடப்பல், வலப்பல் என மாறி மாறி அமைத்த செயினை 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நமக்குப் பயிரைக் கெடுக்கும் புழுவைத்தான் தெரியும், இப்படியும் ஒன்று!

பல் கூராக இருந்தால் மரத்தூள் சீவல் சீவலாக விழும். மாவாக விழுந்தால் மழுங்கிவிட்டது என்று பொருள். அப்போது அமுக்கி அறுப்பது எஞ்சினுக்கும் கைக்கும் கேடு. சிறு ரம்பங்களில் பெரும்பாலும் வரும் மூன்றின்கீழ் எட்டு அங்குலத் தாழ்வகைச் செயினுக்கு 4 மி.மீ. வட்ட அரமும், .325 அங்குலச் செயினுக்கு 4.8 மி.மீ. அரமும் பொருந்தும். பல்லின் மேல் பொறித்துள்ள கோட்டை ஒட்டி, முன்னோக்கி மட்டும் தள்ள வேண்டும்; இழுக்கக் கூடாது. ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றே. ஒரு பக்கம் அதிகமானால் அறுப்பு கோணிப்போகும்.

ஆபத்து எங்கே?

பாரின் நுனியில் மேற்கால் பகுதி மரத்திலோ கிளையிலோ பட்டால் ரம்பம் கண் இமைப்பதற்குள் முகத்தை நோக்கித் துள்ளும். ஆகவே இடக்கைப் பெருவிரலை முன்கைப்பிடிக்குக் கீழே சுற்றிப் பிடிக்க வேண்டும். தோளுக்கு மேல் அறுத்தலும் ஏணியில் நின்று அறுத்தலும் கூடவே கூடாது. வேட்டி, கைலி, தோளில் துண்டு, வெறுங்கால் ஆகிய எதுவும் இவ்வேலைக்கு ஆகாது. கண்ணாடியும் காதடைப்பும் அவசியம். கிளை கழிக்கும்போது அடிப்புறத்தில் சிறிது அறுத்துவிட்டுப் பின் மேலிருந்து அறுத்தால் பட்டை கிழிந்து தாய்மரம் காயப்படாது. மின்கம்பிக்கருகே உள்ள மரமானால் மின்வாரியத்தாரிடம் சொல்லி இணைப்பைத் துண்டித்த பின்னரே கை வைக்க வேண்டும்.

புயலில் விழுந்த மரம், நிற்கும் மரத்தைவிடப் பொல்லாதது. கிளைகள் வில்லாய் வளைந்து அழுத்தத்தில் கிடக்கும். வளைவின் உட்புறம் இறுக்கமாகவும் வெளிப்புறம் இழுவிசையோடும் இருக்கும். முதலில் உட்புறத்தில் சிறிது அறுத்து, பிறகு ஒதுங்கி நின்றுகொண்டு வெளிப்புறத்தில் அறுக்க வேண்டும். வேரோடு சாய்ந்த மரத்தில் தண்டை அறுத்தவுடன், பாரம் நீங்கிய வேர்ப்பந்து மண்ணோடு நிமிர்ந்து பழைய குழியில் உட்கார்ந்துவிடும். அறுக்கத் தொடங்குமுன் அந்தக் குழிக்குள் பிள்ளைகளோ ஆடோ நிற்கவில்லை என்பதை எட்டிப் பார்த்துவிட்டுக் கயிற்றை இழுங்கள்.