புதுப் பின்னலை நாவலில் போடாதே

அன்புத் தங்கச்சிக்கு,

நாவல் முடிய மூன்று அத்தியாயம் இருக்கும்போது நிட்டிங் கற்கத் தொடங்கிவிட்டதாக, ஏதோ குற்றம் செய்தவள்போல எழுதியிருக்கிறாய். எழுதாமல் தப்பிக்கச் சாக்கு என்று வீட்டில் சொல்கிறார்களாம். சாக்குதான். ஆனால் நல்ல சாக்கு, விடாதே.

வரைவின் கடைசிப் பகுதிக்கு வரும்போது எழுதுகிறவர்களுக்கு ஒரு அரிப்பு வரும். முந்நூறு பக்கம் ஒரே குரலில் எழுதிய அலுப்பு அது. படர்க்கையில் போகிற கதையைத் தன்மைக்கு மாற்றினால் என்ன, 1961இல் நடந்த கடைசி முத்துச் சலாபத்திலிருந்து தொடங்கினால் என்ன, நடுவில் ஒரு அத்தியாயம் முழுக்கக் கடிதங்களாகப் போட்டால் என்ன என்று மனசு அலையும். நிறைய நாவல்கள் இந்த இடத்தில்தான் சாகின்றன. அந்த ஆசையை ஊசியில் தீர்த்துக்கொள். கேபிள் போட்டுப் பார், துளை விட்டு லேஸ் பின்னிப் பார், நாலு ஊசியில் வட்டமாகக் காலுறை பின்னிப் பார். நாவலை மட்டும் உனக்கு ஏற்கெனவே கைவந்த முறையிலேயே முடி.

கம்பளி நூல் நம் ஊருக்கு வேண்டாம். கடற்காற்றுப் புழுக்கத்தில் வியர்த்த விரலில் ஒட்டிக்கொண்டு நகராது. பருத்தி எடு. கோரல் மில் வேலைநிறுத்தத்தை 1908இல் வ.உ.சி. நடத்திய ஊரில் பருத்தி நூல் பின்னாமல் வேறென்ன பின்னுவது! ஒன்று தெரிந்துகொள்: பருத்தி கம்பளிபோல இழுத்தால் மீளாது, கை எங்கே இறுகியது, எங்கே தளர்ந்தது என்பதெல்லாம் அப்படியே தெரியும். ஸ்டீல் ஊசியில் நூல் வழுக்கினால் மூங்கில் ஊசிக்கு மாறு. லேஸ் பகுதிக்குள் போகும் முன் ஒரு வரிசைக் கண்ணிகள் வழியே வேறு நிற நூலைக் கோத்து வை. மேலே எதைக் குழப்பினாலும் அந்த வரிசைவரை தைரியமாகப் பிரிக்கலாம். தட்டச்சுக்கும் பின்னலுக்கும் பெருவிரலும் மணிக்கட்டும்தான் உழைக்கின்றன, இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக்கொள்ளாதே. காலையில் எழுது, ஊசி சாயங்காலத்துக்கு.

எழுத்தும் பின்னலும் ஒரே கூரையின் கீழ் இருந்த வீடு நம் பக்கத்திலேயே உண்டு. உவரிக்கு அருகே இடையன்குடி. கால்டுவெல் 1841இல் அங்கே வந்தார். 1844இல் அவர் மணந்த எலைசா, நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். நாகர்கோவில் பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தவர் எலைசாவின் தாய் மார்த்தா. மகள் அதை இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். கணவரின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது, திருத்திய பதிப்பு 1875இல். அந்த வீட்டில் புத்தகம் ஒருவருடையது, லேஸ் இன்னொருவருடையது. ஊருக்கெல்லாம் தெரிந்தது புத்தகத்தின் பெயர்தான். நீ இரண்டையும் ஒரே ஆளாகச் செய்யப் பார்க்கிறாய், அதனால்தான் வீட்டில் முணுமுணுக்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். கப்பல் தொழிலில் இருந்துகொண்டே ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய ‘கொற்கை’யை எழுதிய உவரிக்காரர் ஜோ டி குரூஸிடம் இரண்டு வேலை எதற்கு என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கற்றுக்கொண்டதை உடனே கதையில் காட்டத் தோன்றும். இருபத்தெட்டாம் அத்தியாயத்தில் உன் பாட்டி திடீரென்று ஊசியும் நூலுமாக உட்காருவாள். உட்காரவிடாதே. இடையன்குடிப் பெண்கள் செய்தது நிட்டிங்கே அல்ல. அது திண்டில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டு முறுக்கும் வேலை. அந்தத் திண்டின் முன்னால் நீ உட்கார்ந்து பார்க்கும்வரை பாட்டி சும்மா இருக்கட்டும்.

திருத்தம் பற்றிக் கேட்டிருந்தாய். அது வரைவு முடிந்த பிறகு. ஆனால் அதற்கு நிட்டிங் உனக்கு உதவாது, திரேஸ்புரம் கரைக்குப் போய் மீன்வலை பொத்துவதைப் பார். நிட்டிங்கில் எல்லாம் ஒரே நூல், ஒரு கண்ணி நழுவினால் கீழே கீழே ஓடும். வலையில் ஒவ்வொரு கண்ணுக்கும் தனி முடிச்சு, ஒன்று அறுந்தால் பக்கத்துக் கண் நிற்கும். அதனால் வலை பொத்துகிறவர் முதலில் கத்தியைத்தான் எடுக்கிறார். கிழிசலைச் சுற்றித் தொங்கும் பிசிறுகளை முடிச்சுவரை வெட்டி, ஓட்டையை இன்னும் பெரிதாக்கி, அதன் பிறகே ஊசியை நுழைக்கிறார். உன் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அப்பாவின் சாவு கிழிந்து கிடக்கிறது. வார்த்தையை மாற்றி மாற்றி ஒட்டுப்போடாமல், முன்னும் பின்னும் உள்ள இரண்டு காட்சிகளையும் சேர்த்து வெட்டு. இப்போது அல்ல, இப்போது அதைத் திறந்துகூடப் பார்க்காதே.

ஐப்பசி மழை பிடிக்கும் முன் முழு வரைவையும் எனக்கு அனுப்பு. எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். காலுறை ஒற்றையாக நின்றாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அக்கா