இரண்டாம் ஆண்டில் ஊர்க் கல்லூரிக்கு மாற முடியுமா?

கேள்வி: எனக்குச் சீர்காழிக்குப் பக்கத்தில், திருவெண்காடு போகும் வழியில் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டு, சென்னையில் ஒரு தனியார் தன்னாட்சிக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முதலாம் ஆண்டு படிக்கிறேன். விடுதியில் தங்கியிருக்கிறேன். தை மாதம் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தபோது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கையும் காலும் இன்னும் சரியாக வரவில்லை. அப்பாவையும் குத்தகை நிலத்தையும் மாட்டையும் அம்மா ஒருவரே பார்த்துக்கொள்கிறார். தம்பி பத்தாம் வகுப்பு. விடுதிக் கட்டணம் கட்ட இனி எங்களால் முடியாது. நான் வீட்டில் இருந்தபடியே போய்வரக்கூடிய ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு சேர முடியுமா? எங்கள் கல்லூரி அலுவலகத்தில் கேட்டதற்கு, "போவதென்றால் மூன்று வருடக் கட்டணத்தையும் கட்டு, அப்போதுதான் டி.சி.யும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் தருவோம்" என்கிறார்கள். சொந்தக்காரர்களோ, "ஒரு வருடம் போனால் போகட்டும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து மறுபடி முதலாம் ஆண்டு சேர்" என்கிறார்கள். என்ன செய்வதென்று புரியவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சீர்காழி வட்டம்

பதில்: அன்பு மகளுக்கு, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டி.சி. கேட்டு இப்போது விண்ணப்பம் எழுதாதே. உன் கல்லூரி கேட்கும் பணத்தையும் கட்டாதே. இரண்டாம் ஆண்டுக்கு மாறுவது நடக்கக்கூடிய காரியம்தான். ஆனால் எதை முதலில் செய்கிறோம், எதைப் பிறகு செய்கிறோம் என்பதில்தான் பல பிள்ளைகளுக்கு ஒரு வருடம் பறிபோகிறது.

டி.சி. கையில் வந்த நிமிடமே பழைய கல்லூரியில் உன் பெயர் நீங்கிவிடும். புதிய இடத்தில் சீட் உறுதியாகவில்லை என்றால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்று நிற்க வேண்டியதுதான். ஆகவே, சேர்த்துக்கொள்ளும் கல்லூரி "இடம் இருக்கிறது, சேர்த்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை" என்று எழுத்தில் தரட்டும். அதன் பிறகு உன் கல்லூரியில் தடையின்மைச் சான்று, கடைசியாக டி.சி. இந்த வரிசையை யார் சொன்னாலும் மாற்றாதே.

கல்லூரி மாறுவது மாணவரின் உரிமை அல்ல என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வகுப்புக்கு அனுமதிக்கப்பட்ட இடங்களில் காலி இருந்தால்தான் சேர்க்க முடியும். முதலாம் ஆண்டில் சேர்ந்துவிட்டு நின்றுபோகிறவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. கணிதத்தில் அப்படிக் காலியாகும் இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. உனக்குப் பேருந்து எட்டும் தூரத்தில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. மேலையூரில் அறநிலையத் துறை நடத்தும் பூம்புகார் கல்லூரி, மன்னம்பந்தலில் 1955 முதல் நடக்கும் ஏ.வி.சி. கல்லூரி, மயிலாடுதுறையில் தருமபுரம் ஞானாம்பிகை அரசு மகளிர் கல்லூரி, சீர்காழியிலேயே உள்ள மகளிர் கல்லூரி, கொள்ளிடம் தாண்டினால் சிதம்பரத்தை ஒட்டி சி.முட்லூர் அரசுக் கல்லூரி. ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: வரும் மூன்றாம் செமஸ்டரில் பி.எஸ்சி. கணிதத்தில் காலியிடம் உண்டா? உண்டு என்றால், அது அரசு உதவி பெறும் பிரிவிலா, சுயநிதிப் பிரிவிலா என்பதையும் கேள். ஒரே கட்டடத்தில் நடக்கும் இரண்டு பிரிவுகளுக்கும் கட்டணம் வேறு. அரசுக் கல்லூரி என்றால் முதல்வர் மட்டும் முடிவு செய்ய முடியாது, துறை அனுமதி வேண்டியிருக்கும். தஞ்சாவூரில் உள்ள கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அலுவலகத்துக்கு மனு போக வேண்டுமா என்று அந்தக் கல்லூரி அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்.

போனில் கேட்காதே. "இப்போது ஒன்றும் இல்லைம்மா" என்று வைத்துவிடுவார்கள். நேரில் போய், முதலில் கணிதத் துறைத் தலைவரைப் பார். அவர் சம்மதித்தால் முதல்வர் அறைக்கு உன்னோடு அவரே வருவார். அம்மாவையும் அழைத்துப் போ. அப்பாவின் மருத்துவமனைச் சீட்டுகளின் நகலைக் கையில் வைத்துக்கொள். காரணம் உண்மையானது என்று தெரிந்தால் கல்லூரிகள் கொஞ்சம் இறங்கி வருவதுண்டு.

இனி எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன், பாடத்திட்டம். துறைத் தலைவராக இருந்த காலத்தில் இப்படி வந்த பிள்ளைகளின் பாடப் பட்டியலை ஒப்பிடும் வேலையை நானும் செய்திருக்கிறேன். மேசையில் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தாள் தாளாக டிக் அடித்துக்கொண்டே வருவோம். கால்குலஸ், இயற்கணிதம் போன்ற முக்கியப் பாடங்களில் அவ்வளவாகச் சிக்கல் இருக்காது. சிக்கல் துணைப்பாடத்தில், அதாவது அலைடில் வரும். உன் கல்லூரியில் முதலாம் ஆண்டு அலைடு இயற்பியல் என்று வைத்துக்கொள். நீ சேரப் போகும் கல்லூரியில் முதலாம் ஆண்டு புள்ளியியல், இரண்டாம் ஆண்டு இயற்பியல் என்றிருந்தால் என்ன ஆகும்? நீ ஏற்கெனவே படித்த இயற்பியலை அந்த வகுப்பு அப்போதுதான் படிக்கும். உனக்குப் புள்ளியியல் விட்டுப்போயிருக்கும். அந்தத் தாள்களை நீ கூடுதலாக எழுதித் தீர்க்க வேண்டும். எழுதாமல் விட்டால் மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டம் வராது. மொழிப் பாடத்திலும் இப்படித்தான்: தமிழும் ஆங்கிலமும் எத்தனை செமஸ்டர், எத்தனை கிரெடிட் என்று இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும். நீ இருப்பது தன்னாட்சிக் கல்லூரி என்பதால் அவர்கள் பாடத்திட்டம் அவர்களுடையது. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தைப் பார்த்து இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதே. முதலாம் ஆண்டுப் பாடத்திட்டத்தின் முழு நகலை, ஒவ்வொரு அலகும் தெரியும்படி, உன் முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள். எந்தெந்தத் தாளைக் கூடுதலாக எழுத வேண்டும் என்பதைச் சேரும் முன்பே புதிய கல்லூரியிடம் பட்டியலாக, எழுத்தில் வாங்கு. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. அந்தப் "பிறகு" மூன்றாம் ஆண்டு ஏப்ரலில் வந்து நிற்கும்.

பல்கலைக்கழகமும் மாறுகிறது என்பதால் இன்னும் சில காகிதங்கள் வேண்டும். உங்கள் மாவட்டக் கல்லூரிகள் நெடுங்காலம் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தவை. 2021க்குப் பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகமாகிவிட்டது. எனவே நீ சேரும் கல்லூரி இன்று எதன் கீழ் வருகிறது என்று கேட்டுக்கொண்டு, அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒப்புதலையும் பெற வேண்டும். உன் பழைய பல்கலைக்கழகத்திலிருந்து இடப்பெயர்வுச் சான்றிதழ், அதாவது மைகிரேஷன் வாங்க வேண்டும். இரண்டு இடத்து வருகையையும் சேர்த்துக் கணக்கிடும் அனுமதிக்கு அலுவலகங்களில் 'கம்பினேஷன் ஆஃப் அட்டென்டன்ஸ்' என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லியே கேள், உடனே புரிந்துகொள்வார்கள். இதற்கெல்லாம் கட்டணம் உண்டு, ரசீதுகளைப் பத்திரப்படுத்து. உன் பழைய சான்றிதழ்களில் நாகப்பட்டினம் மாவட்டம் என்றிருந்தால் கவலைப்படாதே. மயிலாடுதுறை தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2020 டிசம்பரில்தான் என்பது எல்லா அலுவலகத்துக்கும் தெரியும்.

கிரெடிட் வங்கி என்று ஒன்று இருக்கிறதே, அது இருந்தால் எந்தக் கல்லூரியிலும் சேரலாமே என்று வகுப்புத் தோழிகள் சொல்லியிருக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. நீ பெற்ற கிரெடிட்டுகள் உன் கணக்கில் ஏறி, அதிகபட்சம் ஏழு ஆண்டு வரை செல்லும். பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது பாதி கிரெடிட்டுகளைப் பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் விதி. உனக்கு இன்னும் இரண்டு வருடம் இருப்பதால் அதில் தடையில்லை. ஆனால் வங்கியில் கிரெடிட் இருக்கிறது என்பதற்காக எந்தக் கல்லூரியும் உனக்கு இடம் தந்தாக வேண்டும் என்றில்லை. முதலாம் ஆண்டு கிரெடிட்டுகள் உன் கணக்கில் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள். பலருக்கு ஏறாமலே கிடக்கிறது.

இப்போது அந்த மூன்று வருடக் கட்டண மிரட்டல். அப்படித்தான் அதைச் சொல்ல வேண்டும். 2018 அக்டோபரில் மானியக் குழு வெளியிட்ட அறிவிக்கை இதில் தெளிவாக இருக்கிறது. மாணவர் படிக்கும் செமஸ்டருக்கோ ஆண்டுக்கோ உரிய கட்டணத்தை மட்டுமே முன்கூட்டி வாங்கலாம். முழுப் படிப்புக்கும் சேர்த்துக் கேட்கக் கூடாது. அசல் சான்றிதழ்களைச் சேர்க்கையின்போது சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தந்துவிட வேண்டும். தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. வைப்புத்தொகையும் முழுதாகத் திரும்ப வர வேண்டும். உன் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் உன் சொத்து, அதை வைத்துப் பேரம் பேச யாருக்கும் உரிமை இல்லை.

ஆனாலும் சண்டையில் ஆரம்பிக்க வேண்டாம். உன் கடிதத்தில் இந்த ஆண்டுக் கட்டணம் பாக்கி இருப்பதாகச் சொல்லவில்லை. இருந்தால் அதை முதலில் தீர்த்துவிடு. புதிய கல்லூரிக் கடிதம் கைக்கு வந்த பிறகு, முதல்வருக்கு ஒரு பக்கத்தில் விண்ணப்பம் எழுது. தந்தையின் நோயைச் சொல்லி, 2018 அறிவிக்கையையும் ஒரு வரியில் குறிப்பிட்டு, தடையின்மைச் சான்றும் அசல் சான்றிதழ்களும் கேள். நகலில் தேதியோடு முத்திரை வாங்கு. தர மறுத்தால் விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பு. பெரும்பாலும் இந்த இடத்திலேயே கல்லூரிகள் வழிக்கு வந்துவிடும். வராவிட்டால், 2023 விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரிக்கும் மாணவர் குறைதீர்க் குழுவும், அதற்கு மேல் பல்கலைக்கழக அளவில் குறைதீர்ப்பாளரும் இருக்க வேண்டும். அவர்களிடம் போ, மானியக் குழுவின் இ-சமாதான் தளத்திலும் புகாரைப் பதிவு செய். இன்னொரு வழியும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சீர்காழி நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவைக் கேட்டுப் போனால், வக்கீல் நோட்டீஸ் அனுப்பவும் உதவுவார்கள்.

அரசுப் பள்ளியில் படித்தவள் என்கிறாய். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருக்கும். கல்லூரி மாறும்போது விவரங்களைப் புதிய கல்லூரிக்கு மாற்றித் தரச் சொல்லி இரண்டு பக்கத்திலும் கேட்டுக்கொள். மற்ற கல்வி உதவித்தொகைகளுக்கும் இதே கதைதான்.

சொந்தக்காரர்கள் சொல்லும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடி முதலாம் ஆண்டு என்பது கடைசி வழியாக இருக்கலாமே தவிர, முதல் வழியாக இருக்கக் கூடாது. எங்குமே இரண்டாம் ஆண்டு இடம் இல்லை என்றால் மட்டும், மே மாதத்தில் அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பத்தைப் போட்டு வை. அங்கே கட்டணம் மிகக் குறைவு. அதைப் போட்டு வைப்பதால் உன் இப்போதைய இடத்துக்கு ஒரு பாதகமும் இல்லை.

இன்னொன்றையும் கேட்காமல் இருக்க முடியவில்லை. திரும்பி வருவது உன் விருப்பமா, அல்லது பெண்பிள்ளைதான் வந்து பார்க்க வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னதா? உன் விருப்பம்தான் என்றால் தயங்காமல் வா. மன்னம்பந்தலிலும் மேலையூரிலும் படித்துவிட்டு நல்ல இடங்களுக்குப் போனவர்கள் ஏராளம். கணிதம் எந்த ஊரில் படித்தாலும் கணிதம்தான். ஆனால் பணம்தான் காரணம், மனம் சென்னையில்தான் என்றால், விடுதிக் கட்டணச் சலுகை, ஆதிதிராவிடர் நலத்துறை அல்லது பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை கல்லூரி விடுதி என்று வேறு வழிகளை முதலில் கேட்டுப் பார். அப்பாவுக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை வேண்டியிருக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவைப் பெயர் பதியச் சொல். பக்கவாதத்தில் முதல் சில மாதப் பயிற்சி மிக முக்கியம், அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இதே பிரச்சினையோடு இருக்கும் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு வழி வேறு. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளுக்கு இடையில் மாற, கிண்டியில் உள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வழியாகத்தான் போக வேண்டும். டிப்ளமோ முடித்தவர்கள் நேரடி இரண்டாம் ஆண்டுக் கலந்தாய்வில் சேர்வது இதிலிருந்து தனி. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, அவசரமான வேலை. இரண்டாம் செமஸ்டர் இன்னும் முடியவில்லை. அப்பாவுக்காக ஊருக்கு வந்துபோனதில் வருகை குறைந்திருந்தால் இன்றே கணக்குக் கேள். 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். மருத்துவச் சான்றைக் காட்டி விலக்குக் கேட்க இப்போதுதான் நேரம். அரியர் இல்லாமல் தேர்வை முடி. அரியரோடு வரும் மாணவரைச் சேர்க்க எந்தத் துறைத் தலைவரும் யோசிப்பார். தேர்வுக்கு முன்பே ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்து இரண்டு கல்லூரியையாவது பார்த்துவிடு. கூடுதல் தாள் பட்டியல் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்பு. இரண்டு பாடத்திட்டத்தையும் நானே ஒப்பிட்டுப் பார்த்து எழுதுகிறேன்.